வாயு இல்லை, எழுந்திருங்கள்!

முந்நூற்று அறுபது நிமிடம். மாரடைப்பு வந்த இந்தியர் ஒருவர், நெஞ்சு வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் கழிகிற நேரம் அது. நாட்டின் 89 ஆஸ்பத்திரிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கணக்கெடுத்து, 2008இல் லான்செட் இதழில் வெளியான கிரியேட் ஆய்வு சொன்ன நடுக்கணக்கு. பாதிப் பேர் அதற்கும் பிந்தித்தான் வந்தார்கள். ஆறு மணி நேரம் ஐயா! வில்லியனூரில் பஸ் ஏறினால் அதற்குள் சென்னையில் இறங்கி டீ குடித்துவிடலாம்.

அந்த ஆறு மணி நேரம் எங்கே போகிறது என்று வெளியூர் ஆய்வாளர் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு இரண்டு மணி. மனுஷன் திடுக்கென்று எழுந்து பாயில் உட்காருகிறார். நடுநெஞ்சில் யாரோ ஏறி நிற்பது போல ஒரு பாரம். சட்டை போடாத உடம்பில் வியர்வை குப்பென்று கொட்டுகிறது. "என்னங்க, என்னா பண்ணுது?" என்று வீட்டம்மா எழுந்து லைட்டைப் போடுகிறார். "ஒண்ணுமில்ல. ராத்திரி துன்ன கறி சேரல. வாயு." தைலம் வருகிறது. பெருங்காயம் மோரில் கரைகிறது. ஓமம் கொதிக்கிறது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணன் முதுகை நீவிவிட்டு, "விடியட்டும், மொத பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்கிறார். ஓர் ஏப்பம் வந்துவிட்டால் போதும், வீடே மூச்சு விடுகிறது. நாலு மணிக்கு இடது கை குடைகிறது. தாடை இழுக்கிறது. ஐந்தரைக்கு, பைக்கில் ஓட்டுகிற மகனுக்கும் பின்னால் பிடித்துக்கொள்கிற மச்சானுக்கும் நடுவில் அவரை உட்கார வைத்து, கிராமத்துச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோகிறார்கள்.

இதில் யாரிடமும் அன்புக்குக் குறைவில்லை. துணிச்சலுக்குத்தான் குறை. "நெஞ்சு வலி, இது மாரடைப்பா இருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்கிற துணிச்சல். நடுராத்திரியில் 108ஐக் கூப்பிட்டு, கடைசியில் வெறும் வாயு என்று தெரிந்து, தெருவே சிரித்தாலும் பரவாயில்லை என்கிற துணிச்சல். சிரிக்கட்டுமே! ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் அது அவமானமா? அதைவிட நல்ல சேதி அந்த ராத்திரியில் வேறென்ன இருக்க முடியும்?

வாயு என்று முடிவு கட்ட உங்களுக்கு உரிமை கிடையாது. எனக்கும் கிடையாது. அனுபவமுள்ள டாக்டரே கையை வைத்துப் பார்த்து அதைச் சொல்ல மாட்டார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். இதயத்தின் அடிப்பக்கத் தசைக்கு ரத்தம் குறைந்தால் வலி மேல்வயிற்றில் எரிச்சலாகவே வரும், குமட்டும், வாந்தி எடுக்கும். சுகர் உள்ளவருக்குச் சில நேரம் வலியே இருக்காது; மூச்சு வாங்கும், ஆளைத் தள்ளும், வியர்க்கும், அவ்வளவுதான். பெண்களுக்கு முதுகுவலி, தாங்க முடியாத அசதி என்று வேஷம் மாற்றிக்கொண்டு வரும். ஆக, தொப்புளுக்கு மேலே, தாடைக்குக் கீழே, காரணம் தெரியாமல் வந்து கால் மணி நேரம் ஆகியும் விடாத எந்தப் பாரத்தையும் முதலில் இதயக் கணக்கில் எழுதுங்கள். பிறகு வேண்டுமானால் அடித்துவிடலாம்.

"நாமெல்லாம் வயக்காட்டு உடம்பு, நமக்கு ஹார்ட் அட்டாக்கா?" இதுவும் நம் ஊர்ப் பெருமைதான். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம், சரி. அந்தக் களஞ்சியத்தை நிரப்பிய நம் தாத்தா ஏர் பிடித்தார், நடந்தே சந்தைக்குப் போனார். இன்றைக்கு உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின், தெருக்கோடி டீக்கடைக்குப் போக பைக். உடம்பு உழைப்பை விட்டு வெகுநாளாகிவிட்டது; நாக்கு மட்டும் கருவாட்டையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் தாத்தா காலத்து அளவிலேயே கேட்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வின் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. ஆறு வருஷம் முந்திக்கொள்கிறோம். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு வேலை என்று குடும்பமே நம் தோளில் இருக்கிற வயசு அது.

ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை உரக்கப் படியுங்கள். புகை, ரத்தக் கொதிப்பு, சுகர், ரத்தக் கொழுப்பு, தொப்பை, மன அழுத்தம், காய் பழம் தின்னாதது, உடம்பை அசைக்காதது, குடி விஷயம்: இந்த ஒன்பதுக்குள்ளேயே ஆண்களின் முதல் மாரடைப்பில் 90 சதவீதமும் பெண்களில் 94 சதவீதமும் அடங்கிவிடுகின்றன. தலையெழுத்துக்கு விட்ட இடம் எவ்வளவு குறைவு பாருங்கள்! நூற்றில் தொண்ணூறு உங்கள் கையில் இருக்கும்போது "எல்லாம் அவன் விட்ட வழி" என்று பீடியைப் பற்ற வைக்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தெருவுக்குத் தெரு சாராயக் கடையும் பாரும் திறந்து வைத்திருக்கிற ஊரில் வாழ்கிறோம். கடையைத் திறக்க அரசுக்கு உரிமம் கொடுக்கத் தெரியும். அதற்குள் நுழைய உங்கள் காலுக்கு யார் உரிமம் கொடுத்தது?

உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். கைமுட்டி அளவுள்ள தசை, ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடித்து உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்புகிறது. ஊருக்கெல்லாம் ரத்தம் கொடுக்கிற அந்தத் தசைக்கே ரத்தம் கொடுக்கத் தனியாகக் குழாய்கள் உண்டு. சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்தால்தான் பாகூர் ஏரி. வாய்க்காலில் வண்டல் சேர்ந்து குறுகுவதைப் போலக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு வருஷக்கணக்கில் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, ஓட்டம் சடாரென்று நின்றுபோகிறது. அதுதான் மாரடைப்பு. அரை மணி நேரத்திலேயே அந்தப் பக்கத்துத் தசை சாகத் தொடங்கும். ஆனால் மொத்தமும் ஒரேயடியாகச் செத்துவிடாது; பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். அடைப்பை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு தசை மிஞ்சும். செத்த தசை திரும்ப வராது. மிஞ்சிய தசைதான் மீதி வாழ்நாள் முழுக்க உங்களை மாடிப்படி ஏற்றப் போகிறது.

திறக்க இரண்டு வழி. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் வரை போடலாம், முதல் இரண்டு மூன்று மணிக்குள் போட்டால்தான் பலன் அதிகம். மற்றது, கேத் லேப் என்கிற அறையில், கை அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து, நம் ஊரில் 'ஸ்பிரிங்' என்கிறார்களே, அந்த ஸ்டென்ட்டை வைப்பது. இரண்டு மணி நேரத்துக்குள் கேத் லேப் கிடைக்குமானால் அதுவே மேல். கிடைக்காது என்றால் கிட்டத்தில் ஊசி போட்டுக்கொண்டு அங்கிருந்து மேல்சிகிச்சைக்குப் போவது மேல். எதுவானாலும் கடிகாரம் வலி வந்த நிமிஷத்திலிருந்து ஓடுகிறது.

கிரியேட் ஆய்வுக்குத் திரும்புகிறேன். அதில் என்னைத் தூங்கவிடாத கணக்கு வேறொன்று. மாரடைப்பு வந்து முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் பணக்காரர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். ஏழையின் இதயம் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கரைக்கும் ஊசி, பலூன், கொழுப்பு மாத்திரை என்று யார் யாருக்கு என்னென்ன சிகிச்சை கிடைத்தது என்பதைச் சமன் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசமே மறைந்துபோனது. கேட்டீர்களா? ஒரே சிகிச்சை கிடைத்தால் கூலிக்காரரும் முதலாளியும் ஒரே மாதிரி பிழைக்கிறார்கள்! நோய்க்கு சிவப்பு ரேஷன் கார்டும் தெரியாது, மஞ்சள் கார்டும் தெரியாது. அப்படியானால் ஆஸ்பத்திரி வாசலில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்காதீர்கள். "நமக்கெல்லாம் பெரிய டாக்டரா?" என்ற கேள்வியை இன்றோடு தலைமுழுகுங்கள். உங்களுக்குத்தான் ஐயா பெரிய டாக்டர்!

அந்தப் பெரிய டாக்டர் எங்கே இருக்கிறார்? இந்த விஷயத்தில் நம் கொம்யூன்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். கொடுத்து வைத்ததை எண்ணிப் பார்க்காதவர்களும் நாம்தான். பாகூர் கொம்யூனில் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி, கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி. வில்லியனூர் கொம்யூனில் அரியூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா, ஊசுடு அகரத்தில் ஸ்ரீ லட்சுமி நாராயணா. விழுப்புரம் சாலையில் இன்னும் தள்ளிப் போனால் மதகடிப்பட்டில் மணக்குள விநாயகர் மருத்துவக் கல்லூரி. எத்தனை மாவட்டங்கள் ஒரே ஒரு மருத்துவக் கல்லூரிக்குத் தவம் கிடந்தன! நாம் கரும்பு ஏற்றிய டிராக்டரில் அந்த வாசல்களைத் தாண்டித் தாண்டிப் போய்விட்டு, நெஞ்சு வலிக்கு ஓமத் தண்ணீர் குடிக்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் மேலே கோரிமேட்டில் ஜிப்மர். பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. 1964இல் ஜவாஹர்லால் பெயரைத் தாங்கியது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. விழுப்புரம், கடலூர் என்று எங்கிருந்தெல்லாமோ இரவோடு இரவாக வேன் பிடித்து வந்து அதன் ஓ.பி. வரிசையில் நிற்கிறார்கள். இதயநோய்ப் பிரிவும் இதய அறுவைப் பிரிவும் அங்கே தனித்தனியாக உண்டு. வில்லியனூர்க்காரருக்கு அது பக்கத்து ஊர் மாதிரி.

பக்கத்தில் இருப்பது போதாது, எது எதற்கு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பாகூரிலிருந்து கோரிமேடு இருபது கிலோமீட்டருக்கு மேல். காலை ஒன்பது மணிக்கு முருங்கப்பாக்கத்தையும் மரப்பாலத்தையும் கடந்து, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று சதுக்கம் சதுக்கமாக நின்று போவதற்குள் என்னவாகும் என்று அந்தப் பாதையில் வேலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். அதனால் உடம்பு நன்றாக இருக்கிற இன்றைக்கே, உங்கள் வீட்டுக்குக் கிட்டத்திலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற சாக்கில் வரவேற்பில் நின்று நேராகக் கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னு வந்தா இங்க கேத் லேப் ஓடுமா? கார்டியாலஜி டாக்டர் இருப்பாரா, கூப்பிட்டா வருவாரா? இல்லன்னா கரைக்கிற ஊசி போடுவீங்களா? இன்சூரன்ஸ் கார்டு எடுப்பீங்களா?" முறைத்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள்தானே நாம்; உயிர் விஷயத்தில் மட்டும் என்ன கூச்சம்?

டாக்டரைத் தேர்ந்தெடுப்பதிலும் கூச்சம் வேண்டாம். போர்டில் 'இதயம், சர்க்கரை, பொது மருத்துவம்' என்று எழுதியவரெல்லாம் இதய நிபுணர் ஆகிவிட மாட்டார். எம்.டி. முடித்து அதற்கு மேல் டி.எம். கார்டியாலஜி, அல்லது தேசியத் தேர்வு வாரியத்தின் கார்டியாலஜி பட்டம் பெற்றவரே இதயநோய் நிபுணர். பைபாஸ் செய்கிறவர் வேறு, அவர் எம்.சிஎச். படித்த இதய அறுவை நிபுணர். அதற்காகப் பிரஷர் மாத்திரை வாங்கவே நிபுணரிடம் ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. நலவழித்துறையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். முப்பது வயது தாண்டிவிட்டதா, போய் ஒரு தடவை கையை நீட்டுங்கள். 140க்கு 90ஐத் தொட்டுவிட்டால், அல்லது படியேறும்போது நெஞ்சு இறுக்கி, நின்றால் விடுகிறது என்றால், அங்கிருக்கும் டாக்டரிடமே மேல்சிகிச்சைச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு நிபுணரைப் பாருங்கள். நடந்தால் வந்து நின்றால் போகிற அந்த இறுக்கம் இதயம் அனுப்பும் முன்னறிவிப்பு. அதைக் கேட்டுக்கொண்டவர் பகலில், தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

அக்கா, தங்கச்சிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஈசிஜி எடுக்க மார்பில் ஆறு இடத்தில் பட்டன் ஒட்ட வேண்டும், கை காலில் நாலு கிளிப். அந்த வெட்கத்துக்காகவே நெஞ்சு வலியை அடுப்படியில் மறைத்துக்கொண்ட அம்மாக்கள் எத்தனை பேர்! "சிஸ்டர் எடுக்கட்டும், மேல ஒரு துணி போடுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. படுத்திருந்தால் ஐந்து நிமிடம். குளிர்ச்சியாக ஒரு பசை தடவுவார்கள், வலிக்காது, ஊசி கிடையாது. நெஞ்சு வலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே உலகம் முழுக்க உள்ள மருத்துவ விதி. ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்க வைத்தால் நிற்காதீர்கள். "நெஞ்சு வலி!" என்று அந்த ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொல்லுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்குக் குழாயடியில் வராத குரலா?

நிபுணரின் அறைக்குள் போனதும் கையைக் கட்டிக்கொண்டு "நீங்க பாத்து செய்ங்க சார்" என்று நிற்காதீர்கள். மரியாதை மனசில் இருக்கட்டும், வாய் திறந்திருக்கட்டும். எனக்கு வந்திருப்பது என்ன நோய்? எக்கோவில் இதயம் எவ்வளவு பம்ப் பண்ணுகிறது என்று வந்திருக்கிறது? எந்தக் குழாயில், எத்தனை அடைப்பு? ஸ்டென்ட் இப்போதே வேண்டுமா, மாத்திரையில் பார்க்கலாமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். மாரடைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு டாக்டரின் கருத்தைத் தேடி அலைவது தற்கொலை. உடனே கையெழுத்துப் போடுங்கள். ஆனால் அவசரமில்லாத, நிலையாக இருக்கிற அடைப்பு வேறு கதை. அப்படிப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், நல்ல மாத்திரையோடு நிறுத்தியவர்களைவிட உடனடியாக ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்கள் கூடுதலாகப் பிழைத்துவிடவில்லை. நெஞ்சு இறுக்கம் அதிகம் இருந்தவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது. அந்த நிலையில் இரண்டாவது டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுவது முதல் டாக்டருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

பணம். ஆமாம், பணம்தான் பலரை ராத்திரி இரண்டு மணிக்குப் பாயோடு கட்டிப்போடுகிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. 2024 முதல் எழுபது வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் தருகிறார்கள். அந்த அட்டை உங்கள் வீட்டில் இருக்கிறதா, பெயர் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆதார் ஜெராக்ஸ் தேடக் கூடாது. ஸ்டென்ட்டும் இஷ்டத்துக்கு விலை சொல்கிற பொருளாக இப்போது இல்லை. லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை ஆணையம் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு அந்த வரம்பு அவ்வப்போது திருத்தப்பட்டாலும், வரம்பு என்ற ஒன்று இருக்கிறது. பில்லில் ஸ்டென்ட்டின் விலையையும் கம்பெனி பெயரையும் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்டென்ட் வைத்த பிறகு மாத்திரையை நிறுத்தாதீர்கள்! ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை, மாரடைப்புக்குப் பின் பெரும்பாலும் ஒரு வருஷமாவது தருவார்கள். 'உடம்பு நல்லாயிடுச்சு' என்று மூன்றாம் மாதம் தானாக நிறுத்தியவர்களுக்கு அந்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடியும் அடைத்துக்கொள்ளலாம். பல் பிடுங்கப் போனாலும் பல் டாக்டர் சொன்னார் என்று நிறுத்தாமல், இதய டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

துணிச்சல் என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமா? 1929. ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற சிற்றூர் ஆஸ்பத்திரி. வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர். இதயத்துக்குள் குழாய் விட்டால் மனிதன் செத்துப்போவான் என்று பெரியவர்கள் நம்பிய காலம். மேலதிகாரி கூடாது என்றார். பையன் தன் கையில் தானே ரத்தக்குழாயைத் திறந்து, சிறுநீர்க் குழாய்க்கென்று இருந்த கதீட்டரை அறுபத்தைந்து செ.மீ. தூரம் இதயம் வரை தள்ளிக்கொண்டு, அப்படியே படியிறங்கி நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்தார். ஊர் சிரித்தது, மருத்துவ உலகம் கண்டித்தது. 1956இல் நோபல் பரிசு கொடுத்தது. இன்று ஜிப்மரில் உங்கள் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்கிறார்களே, அதன் முதல் அடி அந்த மனிதர் தன் உடம்பில் எடுத்து வைத்தது. அவர் இதயத்துக்குள் குழாயோடு படியிறங்கினார். நாம் ஒரு போன் போட யோசிக்கிறோம்.

நம் பக்கத்திலும் ஆள் உண்டு. பர்மாவில் 1917இல் பிறந்த எஸ்.ஐ. பத்மாவதி, ஜப்பானியப் படையெடுப்பின்போது தாயோடும் சகோதரிகளோடும் தப்பித்துக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர். அகதியாக வந்த அந்தப் பெண் வெளிநாடு போய்ப் படித்து, இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணராகி, டெல்லியில் இதயநோய்ப் பிரிவையும் கேத் லேபையும் உண்டாக்கி, 1992இல் பத்ம விபூஷண் பெற்று, 103 வயது வரை வாழ்ந்தார். ஊரையும் வீட்டையும் இழந்து வந்த ஒருத்தி நாட்டுக்கே இதய மருத்துவம் கற்றுக்கொடுத்தார். உங்களுக்கு ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

தனி ஆளின் துணிச்சலோடு இது முடிவதில்லை. கேட்கத் தெரிந்த ஊருக்குத்தான் கிடைக்கும். பக்கத்துத் தமிழ்நாட்டைப் பாருங்கள். கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் டாக்டர் அஜித் முள்ளசாரியும் முன்னின்று நடத்திய திட்டத்தில், கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரியோடு சுற்றுவட்டாரச் சிறிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் இணைத்தார்கள். சின்ன ஊரில் ஊசி, உடனே பெரிய ஊருக்குப் பயணம். 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6இலிருந்து 14.2 சதவீதமாக இறங்கியது என்று 2017இல் பதிவு செய்தார்கள். புது மருந்து எதையும் கண்டுபிடித்து அல்ல. இருந்ததை ஒழுங்காக இணைத்து! 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' என்று தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலுமே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாடின் என்று பதினான்கு மாத்திரைகளை முதல் தவணையாகக் கையில் வைத்துக்கொள்ளச் செய்தது. கன்னியகோயிலைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். நம் ஊர் நலவழி மையத்தில் நெஞ்சு வலிக்கு என்ன வைத்திருக்கிறார்கள், ராத்திரியில் யார் இருக்கிறார்கள், ஈசிஜி மெஷின் வேலை செய்கிறதா என்று தொகுதி எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வரும்போது கேளுங்கள். தெருவிளக்குக்காக கொம்யூன் பஞ்சாயத்தை முற்றுகையிட்டவர்கள்தானே நாம்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது வீட்டில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள், பிள்ளைகளையும் சேர்த்து. வலி வந்தவர் நடக்கக் கூடாது, பைக்கில் ஏறக் கூடாது. சாய்ந்து உட்கார வேண்டும். ஒருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தக் கசிவு, வயிற்றுப்புண் எதுவும் இல்லாதவருக்கு, போனில் பேசுகிறவர் சரி என்றால் 300 மி.கி. ஆஸ்பிரினைக் கடித்து மெல்லக் கொடுக்கலாம். பழைய ஈசிஜி, மாத்திரைச் சீட்டு, இன்சூரன்ஸ் அட்டை எல்லாம் ஒரே பையில், ஆணியில் தொங்கட்டும். போனில் என்ன சொல்வது என்று எட்டாவது படிக்கிற பெண் வாயாலேயே சொல்ல வையுங்கள், தடுமாறினால் மறுபடியும் சொல்லச் சொல்லுங்கள்: "எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி, வயசு அம்பத்தி மூணு, சுகர் இருக்கு, பத்து நிமிஷமா வேர்த்துக் கொட்டுது. பாகூர் ஏரிக்கரை ரோட்டுல வந்து மாரியம்மன் கோயில்கிட்ட இடது பக்கம் திரும்புங்க, எங்க அண்ணன் டார்ச் லைட்டோட முனையில நிப்பான், சீக்கிரம் வாங்க!"